லாச்சிக்கு இரண்டு சாட்சி

சாம்சங் நிறுவனம் முதன்முதலில் எதை விற்றுத் தொடங்கியது என்று பஹீமா சபையோரிடம் கேட்டபோது, பாதிப் பேர் சட்டைப் பையில் இருந்த கைத்தொலைபேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வானொலி என்றார் ஒருவர். மின்விசிறி என்றார் இன்னொருவர்.

"கருவாடு" என்றாள் பஹீமா. "1938இல் கொரியாவில் கருவாடும் மரக்கறியும் நூடில்சும் விற்ற ஒரு சின்ன வியாபாரம்தான் அது."

பின்வரிசையில் இருந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப எனக்கும் ஒரு காலம் இரிக்கி" என்றார். மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

ஓட்டமாவடி வாசகர் வட்டத்தின் பொது அறிவுப் போட்டி என்றால் இப்படித்தான். கல்குடாப் பக்கத்திலிருந்து ஏறாவூர் வரைக்கும் ஊருக்கு ஓர் அணி வரும். மாணவர்கள் அல்ல. கடை வைத்திருப்பவர்கள், வேளாண்மை செய்பவர்கள், தாதிமார், சாரதிகள். தொயோட்டா தறி செய்த குடும்பத்திலிருந்து வந்தது என்று கேட்டு நெசவுக்காரர் நிமிர்ந்து உட்காருவதும், 'அல்கோரிதம்' என்ற சொல் அல் குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது என்று கேட்டு மௌலவி ஒருவர் அருகில் இருப்பவரின் தொடையில் தட்டுவதும் அங்கே வருடாவருடம் நடப்பவை.

அந்தக் கேள்விகளை எழுதும் பச்சைக் கொப்பி பஹீமாவின் கைக்கு வந்து நான்கு வருடம். பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் அதைக் கொடுப்பதா என்று நிர்வாகத்தில் மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில், வேறு எவரும் அந்த வேலைக்கு முன்வராததால் கொடுத்தார்கள். அவளுக்கோ, மகளைப் பெற்ற நாளுக்கு அடுத்தபடியாக மனதில் வைத்திருக்கும் நாள் அது. கொப்பியைக் கையில் வாங்கியபோதே அவள் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: ஒரு கேள்வியின் விடைக்கு இரண்டு சாட்சி வேண்டும். இரண்டு புத்தகம், அல்லது ஒரு புத்தகமும் விசயம் தெரிந்த ஒரு மனிதரும். சாட்சிகளின் பெயரை விடைக்குக் கீழே சிவப்பு மையால் எழுதிவைப்பாள். கொடுக்கல் வாங்கலுக்கே இரண்டு சாட்சி கேட்கிற மார்க்கத்தில் பிறந்துவிட்டு, அறிவுக்கு ஒரு சாட்சி போதும் என்று எப்படி இருப்பது?

இந்த வருட இறுதிச் சுற்று ஓட்டமாவடிக்கும் சித்தாண்டிக்கும் இடையில் வந்து நின்றது. சித்தாண்டி அணிக்குத் தங்கராசா தலைவர். ஐம்பது வயது மதிக்கத்தக்க வேளாண்மைக்காரர், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. ஓட்டமாவடி அணிக்குத் தலைவி மருத்துவ மாது றம்லா. பஹீமாவின் காக்காவை, அதாவது அண்ணனைக் கட்டியவள், அவளுக்கு மதினி.

கடைசிக் கேள்வி சித்தாண்டிக்கு. சித்தாண்டி ஒரு புள்ளி முன்னால் இருந்தது; கேள்விக்கு இரண்டு புள்ளி.

"மேசையிலும் அலுமாரியிலும் இழுத்துத் திறக்கிற பெட்டியை லாச்சி என்கிறோம். அந்தச் சொல் எந்த மொழியிலிருந்து நமக்கு வந்தது?"

தங்கராசா அணியின் மற்ற இருவரையும் கேட்கவே இல்லை. "ஒல்லாந்தர்ர மொழி, டச்சு" என்றார்.

பஹீமா கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். போர்த்துக்கீசம் என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது.

"பிழை" என்றாள்.

கேள்வி ஓட்டமாவடிக்கு மாறியது. றம்லா போர்த்துக்கீசம் என்றாள். கைதட்டல் எழுந்தது. கிண்ணம் ஓட்டமாவடிக்கு என்று ஆகிவிட்டது; பரிசளிப்பு அடுத்த சனிக்கிழமை.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒலிவாங்கி முனாப் ஹாஜியாரின் கையில் இருந்தது. வாசகர் வட்டத்தின் தலைவர், தரை ஓடு விற்கும் கடையின் முதலாளி, நோன்பு காலத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் கஞ்சி கொடுத்தனுப்புகிற நல்ல மனிதர். ஒலிவாங்கி கைக்கு வந்தால் மட்டும் வேறு மனிதர்.

"என்ன தங்கராசா அண்ணன், உங்கட வயல் வட்டைக்குள்ள ஒல்லாந்தன் வந்து அலுமாரி செஞ்சவனா? மம்பட்டிக்கும் லாச்சி வெச்சுக் குடுத்திட்டுப் போனவனா?"

மண்டபம் அதிர்ந்தது. சித்தாண்டியிலிருந்து வந்த பத்துப் பதினைந்து பேர் மட்டும் சிரிக்காமல் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து கத்தினார்: "கேள்வியே பிழை! பொம்புளைர கையில குடுத்தா இப்படித்தான்!"

தங்கராசா திரும்பித் தன் ஊர்க்காரரையே பார்த்தார்.

"இரு தம்பி. கேள்வி நல்ல கேள்வி. விடைதான் பிழை. அது ஆருக்கும் வாறதுதானே."

பிறகு எழுந்து கதிரையை ஒழுங்காகத் தள்ளி வைத்தார். வாசலில் பஹீமாவைக் கண்டபோது நின்றார்.

"நேரம் கிடைச்சா ஒருக்காப் பாருங்க தங்கச்சி. கப்புக்காகச் சொல்லல்ல. எழுதி வெச்சாப் பிறகு நாலு பேர் அதப் படிப்பாங்க."

ஊரே சிரித்த ஒரு மனிதர், சிரிப்புக்குக் காரணமானவளைப் பார்த்துச் சொன்னது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் அவள் பச்சைக் கொப்பியைப் புரட்டினாள். லாச்சிக்குக் கீழே இரண்டு சாட்சிகளும் சிவப்பில் இருந்தார்கள். ஒருவர், மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர், தச்சு வேலை செய்வதால் ஊர் 'பாஸ்' என்று கூப்பிடும் எட்வின் பாஸ். அடுத்தது, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எழுதிய 'நமது சொற்கள்' என்ற சிறு புத்தகம். ஏழு வருடத்துக்கு முன் அவளுடைய கணினியில் அவளே தட்டச்சு செய்து, அவளுடைய கடையிலேயே அச்சான புத்தகம்.

அதை அலுமாரியிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நன்றி நவிலலில் ஒரு வரி: 'தளபாடங்கள் பற்றிய சொற்களை எனக்கு விளக்கியவர் எட்வின் பாஸ்.'

அந்த வரியைத் தட்டியதும் அவளுடைய விரல்கள்தான். இரண்டு சாட்சி என்று நினைத்தாள். இருந்தது ஒரே வாய்.

எட்வின் பாஸுக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் வாள் அறுக்கும் சத்தம் கேட்டது.

"பாஸ், லாச்சி போத்துக்கீசுச் சொல்லெண்டு ஆரு உங்களுக்குச் சொன்ன?"

"எங்கட அப்பா சொன்னது கா. அலுமாரி எங்கட, கதிரை எங்கட, மேசை எங்கட. லாச்சி மட்டும் அடுத்த வீட்டுக்காரன்ரயா?"

"புத்தகத்தில பாத்த நீங்களா?"

"நான் லாச்சி செய்யிற ஆள் கா. லாச்சியப் படிக்கிற ஆளில்ல."

மட்டக்களப்பில் எல்லாரும் செய்யும் பிழை அது. வாயில் வரும் அந்நியச் சொல் ஒன்று வீட்டுத் தளபாடத்தோடு ஒட்டியிருந்தால், தளபாடம் செய்கிறவர்கள் பறங்கியர், பறங்கியரின் வீட்டு மொழி போர்த்துக்கீசம், ஆகவே சொல்லும் போர்த்துக்கீசம் என்று கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஊரில் ஆள் இல்லை.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி மட்டக்களப்பு நூலகத்துக்குப் போனாள். சொற்பிறப்புப் பற்றிய இரண்டு தடித்த நூல்கள். ஒன்றை ஒன்று பார்த்து எழுதவில்லை என்பதை முன்னுரையிலிருந்து பின்னட்டை வரை படித்து உறுதி செய்தாள். இரண்டும் ஒல்லாந்தம் என்றன. அலுமாரி, கதிரை, மேசை மூன்றும் போர்த்துக்கீசம். லாச்சி மட்டும் ஒல்லாந்தம். வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவரின் கடையில் பணம் கொடுத்துப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

முதலில் றம்லாவிடம்தான் சொன்னாள். மதினிக்குத் தெரியாமல் செய்வது வஞ்சகம் என்று அவளுக்குப் பட்டது.

றம்லா தாள்களைப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. இனி என்ன செய்யப் போற?"

"சனிக்கிழமை பரிசு குடுக்க முதல் சொல்லப் போறன் மதினி."

"உனக்கு விசரா கா? ஒரு கிழமைக்கு வாய மூடிக்கிட்டு இரிக்க ஏலாதா? நாலு வருசத்துக்குப் பிறகு ஊருக்குக் கப் வருகுது. அதுவும் உன்ர காக்கா வீட்டுக்கு."

"பிழையான விடைக்கு வருகுது."

"அப்ப உன்ர கொப்பி? பொம்புள எழுதினா இப்படித்தான் எண்டு சொல்லுறதுக்கு நீயே அவங்களுக்கு வாயில ஊட்டிவிடப் போறாய்."

பஹீமா தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். அந்தப் பயம்தான் இரண்டு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. பிழையை ஒப்புக்கொண்டால் கொப்பி போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கொப்பி கையில் இருக்கும். ஆனால் அதில் எழுதுகிற ஒவ்வொரு விடைக்கும் மேலே அந்த மனிதர் கதிரையைத் தள்ளி வைத்துவிட்டுப் போன சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வியாழக்கிழமை நடுப்பகல் ளுஹர் தொழுகை தொழுதுவிட்டு முனாப் ஹாஜியாரின் கடைக்குப் போனாள். அவர் தாள்களை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் படித்தார். படித்து முடித்ததும் முகம் சுருங்கியது. விசயம் உண்மை என்பது அவருக்கும் விளங்கிவிட்டது.

"கப்பில பேர் வெட்டியாச்சி புள்ள."

"அடுத்த பக்கம் வெறுமையாத்தானே இரிக்கி ஹாஜியார்."

"ஊர்ட மானம் ஒண்டு இரிக்கில்லியா? பிரதம விருந்தினருக்கு முன்னால எங்கட வெற்றி பிழையெண்டு நாங்களே சொல்றதா? இஞ்ச பாருங்க, இரகசியமா ஒரு கடிதம் எழுதுவம். தங்கராசாக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். நல்ல மனிசன், விளங்கிக்கொள்ளுவார்."

"சிரிச்சது மண்டபத்தில ஹாஜியார். கடிதத்தில இல்ல."

அவர் தாள்களை மடித்து நீட்டினார். பிறகு குரல் மாறியது.

"நீங்க மேடையில சொன்னா அடுத்த வருசம் அந்தக் கொப்பி உங்கட கையில இரிக்காது. நான் சொல்லல்ல, நிர்வாகம் சொல்லும்."

"நிர்வாகம் ஆரு?"

"நான்தான்."

"அப்ப நிர்வாகத்துக்குச் சொல்லுங்க" என்றாள் பஹீமா. "நான் சொல்லத்தான் போறன். கொப்பியையும் விடப் போறதில்ல."

சனிக்கிழமை நிகழ்ச்சி நிரலில் அவளுடைய பெயர் கடைசிக்குப் போயிருந்தது: 'நன்றியுரை - பஹீமா.' நன்றியுரை என்பது எல்லாரும் புரியாணிப் பார்சலுக்காக எழுந்து நிற்கும் நேரத்தில் யாருக்கும் கேட்காமல் நடப்பது. ஹாஜியார் யோசித்துத்தான் போட்டிருந்தார்.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். சில வருடங்களுக்கு முன் புள்ளிகளில் சண்டை வந்ததிலிருந்து அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கிண்ணம் கொடுக்கும் முன் புள்ளித்தாளில் மூன்று கையொப்பம் சபைக்கு முன்னால் விழ வேண்டும்: தலைவர், நூலகர், கேள்வி எழுதியவர். மூன்றும் விழாமல் கிண்ணம் மேசையை விட்டு அசையாது.

ஹாஜியார் கையொப்பம் வைத்தார். நூலகர் வைத்தார். பேனை பஹீமாவிடம் வந்தது. அவள் பிஸ்மில்லாஹ் சொன்னாள், பேனையை மூடினாள், தாளின் மேல் குறுக்காக வைத்தாள்.

"நான் வைக்கமாட்டன்."

முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. முன்வரிசை திரும்பிப் பின்வரிசைக்குச் சொன்னது. மண்டபம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. ஹாஜியார் ஒலிவாங்கியைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

சரி என்று அவள் மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள். அவள் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. பொலநறுவை பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலால் எத்தனை பக்கம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய தொண்டை.

"லாச்சி ஒல்லாந்தச் சொல். தங்கராசா அண்ணன் சொன்ன விடை சரி. பிழையெண்டு சொன்னது நான். ஒரே ஆள்ர வாயிலிருந்து வந்ததை இரண்டு சாட்சியெண்டு நம்பினதும் நான்தான். இந்தா இரண்டு நூலிலயும் இரிக்கி, ஆரும் வந்து பாக்கலாம். அவரைப் பாத்து இந்த மண்டபத்தில சிரிச்சம். அதுக்கும் நான்தான் காரணம். எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன் அண்ணன்."

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இந்த முறை அது ஓட்டமாவடிக் குரல்.

"அப்ப கொப்பியக் கீழ வைங்க! கேள்வி எழுதத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க!"

"வைக்கமாட்டன்" என்றாள் பஹீமா. "நாலு வருசத்தில இருநூத்திநாப்பது கேள்வி. ஒண்டு பிழை. அதையும் நானேதான் இஞ்ச நிண்டு சொன்ன. இதவிட நல்லா எழுதுற ஆள் இரிந்தா எழும்பி நில்லுங்க, இப்பவே தாறன்."

கொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். எவரும் எழும்பவில்லை.

எழும்பியது றம்லா. கோபம் ஆறாத முகத்தோடுதான் மேடைக்கு வந்தாள். கிண்ணத்தைத் தூக்கினாள், பஹீமாவைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கட விடையும் பிழைதானே. பிழைக்குக் கிடைச்ச புள்ளி எங்களுக்கு வேணாம். கப்பக் குடுக்கிறம்." இறங்கிப் போய்த் தங்கராசாவின் கையில் அதை வைத்தாள். திரும்பும்போதுதான் சத்தமாகச் சேர்த்தாள்: "புரியாணியக் குடுக்கமாட்டம், சொல்லிப்போட்டன்."

முதலில் சித்தாண்டிக்காரர்கள்தான் சிரித்தார்கள்.

தங்கராசா கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டமாவடி என்று வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினார்.

"இதை அழிக்க வேணாம்" என்றார். "அடுத்த பக்கத்தில எங்கட ஊரை வெட்டுங்க. இரண்டும் இரிக்கட்டும். மறுகா இன்னொரு விசயம் ஹாஜியார். அடுத்த வருசமும் இந்தத் தங்கச்சி கேள்வி எழுதினாத்தான் சித்தாண்டி வரும். பிழை விடாத ஆள் எழுதினா நாங்க வரமாட்டம். அப்படி ஒரு ஆளை எங்களுக்கு நம்ப ஏலாது."

ஹாஜியாருடைய கை, தானாகவே என்று சொல்லும்படி, ஒலிவாங்கியை மேசையில் வைத்தது. நூலகர் புதிய புள்ளித்தாளை எழுதினார். பஹீமா பேனையைத் திறந்து கையொப்பம் வைத்தாள். அதற்குக் கீழே தலைவரின் இடம் வெறுமையாக இருந்தது. ஹாஜியார் சற்றுத் தயங்கினார். பிறகு குனிந்து தன் பெயரை எழுதினார், வழக்கத்தைவிடச் சின்ன எழுத்தில்.

அன்று அந்த மண்டபத்தில் நடந்ததைப் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு சொல் தன் சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது, அவ்வளவுதான். ஆனால் ஒருவர் கதிரையை ஒழுங்காகத் தள்ளி வைத்ததும், இன்னொருத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஆண்டவன் பார்வையில் சின்ன விசயங்கள் அல்ல.

புதன்கிழமை எட்வின் பாஸ் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ள, ஆக்கள் சொல்றாங்க, பாஸ் எண்டதும் ஒல்லாந்தச் சொல்லாமே?"

"ஓம் பாஸ். மேஸ்திரியை அவங்க அப்படித்தான் கூப்பிடுறது. இந்த முறை மூணு நூலில பாத்துட்டன்."

"ஐயோ கடவுளே! நாப்பது வருசமா ஒல்லாந்தன்ர பேரைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கன்!" அவர் சிரித்த சிரிப்பில் வாள் நின்றுவிட்டது.

பஹீமா தொலைபேசியை வைத்துவிட்டுப் பச்சைக் கொப்பியில் புதிய பக்கம் திறந்தாள். அடுத்த வருடத்துக்கு எழுதச் சொல்லி எவரும் அவளிடம் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் எழுதத் தொடங்கிவிட்டாள்.

ஹாஜியார் அப்போதுதான் கடைக்குள் வந்தார். கையில் கடை உரிமப் பத்திரம்.

"இரண்டு கொப்பி" என்றார், வெளியே வீதியைப் பார்த்தபடி. இயந்திரம் சூடாகும் வரை நிற்க வேண்டியதாயிற்று. கண் மெல்ல மேசைக்கு வந்தது. தலைகீழாகவே படித்தார்.

"'அயர்லாந்தில் ஒரு நில முகவருக்கு எவரும் வேலை செய்யவில்லை, கடைக்காரர் பொருள் கொடுக்கவில்லை. அவர் பெயரே பிறகு ஆங்கிலத்தில் புறக்கணிப்புக்கு ஒரு சொல்லாகிவிட்டது. அவர் யார்?'" வாய்க்குள் முணுமுணுத்தார். "பொய்கொட்டா?"

பஹீமா கையை எடுத்து விடையின் மேல் வைத்தாள்.

"சரியா பிழையா எண்டு சொல்லுங்களன்."

"அடுத்த வருசம் மண்டபத்துக்கு வாங்க ஹாஜியார். மேடையில சொல்றன்."

அவர் பிரதிகளை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று, திரும்பாமலே கேட்டார்:

"அதுக்கு எத்தனை சாட்சி?"

"மூணு" என்றாள் பஹீமா. "மூணும் வேற வேற வாய்."